அப்பாவுக்கு எழுதிய வசனம்

வாங்க கண்ணுங்களா, கிட்ட வந்து உட்காருங்க. பேர் பெற்ற அப்பாவுக்குப் பெண்ணாய்ப் பிறந்தவள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பயப்படாதீங்க, முடிவு நல்லதுதான்.

அன்று காலை, திரைக்கதைத் தாள்கள் சாப்பாட்டு மேசையில் வந்து விழுந்தன. காபி டம்ளர்கள் குலுங்கின.

"இதெல்லாம் வசனமா? எதிர்ல நிக்கிறவன் 'மன்னிக்க மாட்டீங்களா'ங்கிறான். உடனே நான் 'மன்னிக்கிறதா'ன்னு ஆரம்பிக்கணும். படம் பூரா இப்படியே! நான் என்ன கிளிப்பிள்ளையா?" என்று சீறினார் அப்பா.

அப்பா பெரிய நடிகர். மூச்சு விடாமல் பேசியே கைதட்டல் வாங்கியவர். மகள் சினிமாவுக்குக் கதை வசனம் எழுதுகிறவள். சின்ன வயதில் அவர் வசனம் பாடம் பண்ணும்போது எதிரே உட்கார்ந்து மற்றவர்கள் வரிகளை வாசித்தவள் அவள்தான். கதாநாயகியும் அவளே, வில்லனும் அவளே! எழுத்து அப்படித்தான் வந்தது. ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? "அப்பன் பேரால பொழைக்கிறா" என்றது. அதற்கு அஞ்சியே இத்தனை வருஷம் அவருக்கென்று ஒரு வரி எழுதவில்லை. இதுதான் முதல் படம்.

"பெத்தவரையே சிறுமைப்படுத்துறியேடி!" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது அப்படியே இருக்கட்டும்மா... காரணமாத்தான்..."

"என்ன பொல்லாத காரணம்? எழுத வரலைன்னு சொல்லு!" என்றாள் அம்மா.

அவள் சிதறிய தாள்களைப் பொறுக்கினாள். எப்படிச் சொல்வாள்? கொஞ்ச காலமாகவே அப்பாவுக்கு வரி மறந்துபோகிறது. இருமுவது போல, கண்ணாடியைத் தேடுவது போலச் சமாளிக்கிறார். வெளியே தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? அதனால்தான் அவருடைய ஒவ்வொரு வரிக்கும் அடி எடுத்துக் கொடுக்கும் சொல்லை எதிராளி வாயில் வைத்திருந்தாள்.

டைரக்டரும் அப்பாவின் பேச்சுக்குத் தலையாட்டி, அந்தச் சொற்களையெல்லாம் அடித்துவிட்டார்.

படப்பிடிப்பு. மகனாக நடித்தவன் பேசி முடித்தான். அப்பா வாயைத் திறந்தார்... ஒன்றும் வரவில்லை. மறுபடியும்... அப்போதும் இல்லை! வேர்த்துக் கொட்டியது. சுற்றிலும் கிசுகிசுப்பு.

மகள் முன்னால் வந்தாள். "சார், தப்பு என்னோடது. வசனம் வாயில நுழையலை. பழையபடி மாத்தித் தரேன்."

"சிபாரிசுல வந்தா இப்படித்தான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். காதில் விழாதது போல எழுதிக் கொடுத்தாள்.

"அப்பா... என்னை மன்னிக்க மாட்டீங்களா?" என்றான் மகனாக நடித்தவன்.

"மன்னிக்கிறதா..." என்று எடுத்தார் பாருங்கள்! மடை திறந்த வெள்ளம்தான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்தச் சொல் ஏன் அங்கே இருந்தது என்று புரிந்துபோய், அவரோ நேரே மகளிடம் போனார்.

"எப்பலேர்ந்தும்மா தெரியும் உனக்கு?"

அவள் அவர் நெற்றி வேர்வையை ஒற்றி எடுத்தாள்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நடிப்பை விட்டுட்டு வீட்ல உக்காந்துடுவீங்களேப்பா..."

அவர் எல்லோர் பக்கமும் திரும்பினார். "கேட்டுக்கங்க! எனக்கு வரி மறக்குது. அது வசனத்தோட தப்பில்லை. இவ அப்பன் பேரால பொழைக்கலை... அப்பன் நான்தான் இவ எழுத்தால பொழைக்கிறேன்!"

கூட வந்திருந்த அம்மா ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். "என் வாயில மண்ணைப் போட... உன்னை என்னென்னவோ சொல்லிட்டேனேடி!"

"விடும்மா, மேக்கப் போட்ட அப்பாவே அழலை, நீ ஏன்?"

"யாரு அழலைன்னா?" என்றார் அப்பா, ஒட்டு மீசை பாதி கழன்று தொங்க. மூவரும் சிரித்துவிட்டார்கள்.

கண்ணுங்களா, உங்கள் வீட்டில் ஒருவர் தடுமாறினால் இன்னொருவர் கை சத்தமில்லாமல் நீளட்டும். ஒருத்தர் அருமை ஒருத்தருக்குத் தெரிந்து, குறைவில்லாமல் வாழுங்க.