படுதா கட்டிய பஸ்

அன்றைக்குத் தேவசகாயத்துக்குத் தூக்கம் வரவில்லை. அவலூர்பேட்டையில் வண்டியை எடுத்து வெகுதூரம் வந்த பிறகுதான் அது அவனுக்கே உறைத்தது. கண் எரியவில்லை, தலை கனக்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்த கை மரத்துப்போகவில்லை. ஐப்பசி மழை நடுப்பகலையே இருட்டாக்கிக் கொட்டிக்கொண்டிருக்க, திறந்து வைத்த முன்கண்ணாடி வழியாகச் சாரலை முகத்தில் வாங்கியபடி முழித்துக்கொண்டிருந்தான். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் பல நாள் வலித்த பல் சட்டென்று வலிக்காமல் போனால் நாக்கு அதையே தேடுமில்லையா, அந்த மாதிரி அவனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் முதலாளி பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டிவிட்டார். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிக் கொளுத்தி, கை நோக விசிறியைச் சுற்றினால் வரும் புகை, வண்டிக்கு அடியில் போன குழாய் வழியாக முன்னால் எஞ்சினுக்குப் போக, வண்டி ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கி நடந்தார்கள். அந்த உருளை வந்ததிலிருந்துதான் அவனைத் தூக்கம் பிடித்தது. சோற்றில் கை வைத்தபடி தூங்கினான். கோயிலில் பூசைக்கு முழந்தாளிட்டபடி தூங்கினான். ஒருமுறை ஏரிக்கரை மேல் போகும்போது தூங்கி, கண்ணைத் திறந்தபோது முன்சக்கரம் கரையின் விளிம்பில் இருந்தது. முதுகுப்புறத் தடுப்பின் ஓட்டை வழியாகப் பார்த்தால், பின்னால் இருந்தவர்கள் ஒன்றும் தெரியாமல் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். என்றைக்காவது ஒருநாள் இந்த ஜனத்தையெல்லாம் தூக்கத்திலேயே சாகடிக்கப் போகிறோம் என்ற பயம் அன்று நெஞ்சில் ஏறியது. அப்புறம் இறங்கவேயில்லை.

செய்யாத வைத்தியமில்லை. மிளகை மென்றான். கடுங்காப்பி குடித்தான். கம்பவுண்டர் விநாயகம் இமையை இழுத்துப் பார்த்து ரத்தம் போதாது என்று இரும்பு மருந்து கொடுத்தார், வயிற்றுப் பூச்சிக்குப் பேதி கொடுத்தார், குறட்டை விடுகிறானா என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னார். எதற்கும் அசையவில்லை. கடைசியில் அவரே அலுத்துப்போய் ஒரு கேள்வி கேட்டார்.

"லீவு நாள்ல எப்டி இருக்குது?"

"காலையில அசத்துது சார். சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிடுது."

"அப்ப வியாதி ஒடம்புல இல்லப்பா. வண்டியில இருக்குது. கரிப்புகைல ஒரு வெஷம் உண்டு, அதுக்கு வாசனையே கெடையாது. எங்கியோ ஒழுவுது. கொழாய மாத்தச் சொல்லு. அதுவரிக்கும் காத்து வாங்கிக்கினு ஓட்டு."

முதலாளி, யுத்தம் முடியட்டும் என்றார். தேவசகாயம் தன்னால் ஆனதைச் செய்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கூரைவரை இருந்த மரத்தடுப்பிலும் காலடிப் பலகையிலும் இருந்த ஓட்டையெல்லாம் சாக்குக் கிழிசலும் களிமண்ணும் வைத்து அடைத்தான். முன்கண்ணாடியைத் திறந்து போட்டான். நேற்று மாலைதான் அந்த வேலை முடிந்தது. இன்று முதல் நடை.

கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த அவன் பெண்சாதி இருதயமேரி, மகள் லூர்துமேரியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்பக்கம் வந்து நின்றாள். வருகிற ஞாயிறு மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். மாமன் எடுத்துக் கொடுத்த வெள்ளை கவுன் துணிப்பையில் இருந்தது.

"நாங்க முன்னாடியே குந்திக்கிறோங்க. நீங்க கண்ண மூடினா கிள்ளி வுடறேன்."

"இனிமே மூடாது. இங்க சாரல் அடிக்குது, கொழந்தைக்கு ஆவாது. பின்னாடி போய் நடுவுல குந்துங்க, கதகதப்பா இருக்கும்."

"நைனா, நீ தூங்கக் கூடாது" என்றாள் மகள்.

"நீ தூங்கிக்கினே வா. செஞ்சி வந்ததும் எழுப்பறேன்."

கண்டக்டர் இளையபெருமாளைக் கூப்பிட்டு, ரெண்டு பக்கப் படுதாவையும் சந்தில்லாமல் இழுத்துக் கட்டச் சொன்னதும் அவன்தான். இளையபெருமாள் கட்டினான். பின்சீட்டில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தான். டிரைவர் தலைக்கு மேலே மணி இரண்டு தரம் அடித்தது. ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போகலாம்.

கொஞ்ச தூரத்தில் பெண்கள் ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஜெபத்துக்கும் முன்பாதியை இருதயமேரி சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொன்னார்கள். தடுப்புக்கு அப்பாலிருந்து அந்தக் குரல்களும், யாரோ ஒரு கிழவரின் இருமலும், கூடைக்குள் கோழியின் கொக்கரிப்பும், மழையின் இரைச்சலோடும் எஞ்சினின் முனகலோடும் கலந்து வந்தன. தன் மகளின் கீச்சுக் குரலை அவன் தனியாகப் பிரித்துக் கேட்டான். மனசு நிறைந்திருந்தது. இத்தனை பேரையும் முழித்த கண்ணோடு கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறான்.

கோழிதான் முதலில் அடங்கியது.

அப்புறம் இருமல் நின்றது. பின்பாதிக்குக் குரல்கள் குறைந்துகொண்டே வந்தன. ஐந்தாறு பேர். மூன்று பேர். மழையில் எல்லோருக்கும் கண் சொக்குகிறது என்று நினைத்தான். பொறாமையாகக்கூட இருந்தது. மகளின் குரல் ஒரு வார்த்தையின் நடுவில் இழுபட்டுத் தேய்ந்தது. தூங்கிவிட்டாள். தூங்கட்டும், தான் சொன்னதுதானே. இப்போது முன்பாதி மட்டும் கேட்டது. இருதயமேரி சொல்வாள், நிறுத்துவாள், பதிலுக்குக் காத்திருப்பாள், பதில் வராமல் மறுபடி சொல்வாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவாக. கொஞ்சம் குழறி.

பிறகு அதுவும் இல்லை.

சிங்கவரம் பிரிவு வந்தது. அங்கே இறங்க வேண்டிய துரைக்கண்ணு கடலை மூட்டையோடு ஏறியதை அவன் பார்த்திருந்தான். மணிக்காகக் காத்து வேகத்தைக் குறைத்தான். மணி அடிக்கவில்லை.

"யோவ் துரக்கண்ணு, எறங்கலையா?"

நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் இந்த மழையில் கரி எஞ்சின் ஒருமுறை அணைந்தால் மறுபடி மூச்சு வாங்க அரைமணி விசிறி சுற்ற வேண்டும். ஆள் அசந்து தூங்குகிறான் போல, செஞ்சியில் இறங்கி மூட்டையோடு திரும்பி வரட்டும். ஊர் இதோ தெரிகிறது. ராஜகிரிக் கோட்டை மலை மழைக்குள் கறுப்பாக நின்றது. தடுப்பைக் கையால் தட்டினான். அடைத்த களிமண்ணில் விரல் பட்டது. நன்றாக இறுகியிருந்தது. ஒரு சந்துகூட இல்லை.

ஒரு சந்துகூட.

விரல் அங்கேயே நின்றது. கம்பவுண்டர் சொன்னது காதில் கேட்டது. வாசனையே கிடையாது. எங்கேயோ ஒழுகுகிறது. இந்தப் பக்கம் வரவில்லை. அப்படியானால்.

செஞ்சிக் கடைத்தெரு முனையில் பிரேக்கை மிதித்தான். எஞ்சினை ஓடவிட்டபடியே குதித்தான். மழை. கணுக்கால் சேறு. பின்னால் ஓடினான். படுதாவின் முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தான். அவிழ்ந்தது. உள்ளேயிருந்து கதகதப்பாக ஒரு காற்று முகத்தில் பட்டது.

எல்லோரும் இருந்தார்கள். தோளில் தோள் சாய்ந்து, வரிசையாக. கன்னமெல்லாம் சிவந்திருந்தது. இத்தனை நல்ல நிறத்தில் அவர்களை அவன் பார்த்ததேயில்லை. இருதயமேரியின் கட்டைவிரல் ஒரு ஜெபமணியின் மேல் இருந்தது. அவள் மடியில் லூர்துமேரி.

"லூர்து. செஞ்சி வந்துடுச்சி கண்ணு. எந்திரி."

உள்ளே ஏறி அள்ளித் தூக்கினான். சூடாக இருந்தாள். தலை அவன் கையிலிருந்து சரிந்தது. பிடித்தான். மறுபடி சரிந்தது.

"நைனா முழிச்சிக்கினுதான் வந்தேன்" என்றான். "தூங்கவேயில்ல கண்ணு."

எஞ்சின் இரண்டு தரம் விக்கி, அணைந்தது.

மழை மட்டும். தகரக் கூரை மேல் மழை. யாரும் மூச்சு விடவில்லை. பின்சீட்டில் இளையபெருமாள் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தான். அவன் இரண்டு கையும் மடியில் கிடந்தன. அவன் தலைக்கு மேலே மணிக் கயிறு தொய்ந்து தொங்கியது.

தேவசகாயம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு விறைத்தது.

மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. இரண்டு.