பெரியவள் எழுதிய அறை

சின்னவள் கொடுத்த சாவி பூட்டில் சுலபமாகத் திரும்பியது. மேட்டில் ஒற்றையாக நின்ற பழைய வீடு. பிற்பகல் வெயில் முகப்பில் கொட்டிக் கிடந்தது.

அக்கா தங்கை இருவருமே நாவல் எழுதுகிறவர்கள். சின்னவளின் கதையில் ஒருத்தி அழுதால் அந்த அறையின் ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து அழும் என்று ஊரே மெச்சியது. பெரியவள் எழுதிய வீடுகளைப் பற்றியோ, "மரச்சாமான் கடைக்குள் போய்வந்த மாதிரி இருக்கிறது" என்று ஒரு விமர்சகர் எழுதிவிட்டார். அன்றிலிருந்து தங்கையின் பெயரைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

"நான் எழுதினதெல்லாம் அந்த வீட்லதான்க்கா. நீயும் போய் இருந்து பாரு. நம்ம மனசுல என்ன இருக்கோ அதான் அங்க தெரியும்," என்று சொல்லிச் சின்னவள்தான் அனுப்பிவைத்தாள்.

'பெரிய மனசு பண்ணிப் பிச்சை போடுறா' என்று நினைத்துக்கொண்டே தங்கையின் மேஜை முன்னால் உட்கார்ந்தாள் பெரியவள்.

அறை இருண்டது.

வெளியே வெயில் அப்படியேதான் இருந்தது. ஜன்னலைத் தாண்டி உள்ளே வரவில்லை, அவ்வளவுதான். பூச்சாடியில் மாதக்கணக்கில் மாற்றாத தண்ணீரின் வாடை மெல்ல எழுந்தது. சுவர்கள் வேர்த்தன. கூரை ஒரு சாண் கீழே இறங்கிய மாதிரி இருந்தது. எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் ஓடியது பேனாதான்.

வாழ்நாளில் முதல் தடவையாக அவள் எழுதிய அறைக்கு உயிர் வந்தது. அதற்குள் தங்கையைப் போலவே ஒருத்தியை உட்காரவைத்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். வரிக்கு வரி சுவர்களை நெருக்கினாள்.

பக்கத்து அறையில் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

போய்ப் பார்த்தாள். யாருமில்லை.

திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். மறுபடி அதே திணறல்.

செல்போன் அடித்தது.

"அக்கா..." சின்னவளின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "மூச்சு விட முடியலக்கா. ரூம் சின்னதாகிட்டே வருது. கதவு திறக்க மாட்டேங்குது."

பெரியவள் காகிதங்களைப் பார்த்தாள். எதிரே கிடந்தவை அவள் எழுதியதிலேயே ஆகச் சிறந்த பக்கங்கள். இன்னும் ஒரு வரி எழுதினால் அத்தியாயம் முடிந்துவிடும்.

அந்த வரி என்னவாக இருக்கலாம் என்று அவள் யோசிக்கவும் செய்தாள்.

"அக்கா, இருக்கியா?"

சின்ன வயதில் கரண்டு போனால் பக்கத்துப் பாயிலிருந்து வரும் அதே குரல். பெரியவள் பக்கங்களைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டாள். போனில் நீளமாக ஒரு மூச்சு கேட்டது.

"இப்ப பரவால்லக்கா. ஜன்னல் தானாத் திறந்துக்கிச்சு."

வீட்டைப் பூட்டிவிட்டு, தங்கை வீட்டுக்குக் கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, எரிச்சலும் அதோடு ஒழிந்தது என்று நம்பினாள்.

சின்னவள் வெளுத்த முகத்தில் சிரிப்போடு கதவைத் திறந்து, எழுதும் அறைக்குக் கூட்டிப் போனாள்.

"போனை வச்சதும் உக்காந்தேன்க்கா. என்னமோ தானா வந்து கொட்டுது. கேளேன்."

வாசித்தாள். வேர்க்கும் சுவர்கள். இறங்கும் கூரை. கிழித்துப் போட்ட வரிகள், ஓர் எழுத்துப் பிசகாமல்.

"நல்லா இருக்காக்கா?"

நல்லா இருக்கு என்று சொல்லத்தான் பெரியவள் வாயைத் திறந்தாள். 'என் வரிகள்' என்றுதான் மனசுக்குள் ஓடியது.

காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சின்னவள் கேட்டாள்.

"கதவை ஏன்க்கா சாத்துற?"

பெரியவள் கதவுக்கு எதிர்ச் சுவரோரம், நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.