முழங்கால் ஆழம்

துண்டில் யாரோ படுத்து எழுந்திருந்தார்கள்.

அவள் அதை மணலில் விரித்துப் போட்டுவிட்டுக் கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தாள், அவ்வளவுதான். இப்போது துண்டின் நடுவே தலை, தோள், இடுப்பு என்று ஓர் ஆள் அளவுக்குப் பள்ளம். சுற்றிலும் மணல் காலைப் பொசுக்கியது. கை வைத்துப் பார்த்தால் அந்தப் பள்ளம் மட்டும் சில்லென்று இருந்தது. தீவில் வேறு யாரும் கிடையாது என்று படகுக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தாள்.

பல் ஆஸ்பத்திரி ஒன்றின் வாசல் மேஜை அவளுடையது. வீங்கிய கன்னமும் கைக்குட்டையுமாக வருகிறவர்களை "வாங்க, உட்காருங்க" என்று உட்காரவைக்கிற வேலை. வீட்டுக்குப் போனால் "அம்மா, அம்மா" என்று மகள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே சுற்றும். அப்பா முகம் தெரியாத பிள்ளை, எல்லாவற்றுக்கும் இவள்தான். ஒரே ஒரு நாள், யாரும் கூப்பிடாத இடத்தில் சும்மா கிடந்துவிட்டு வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள். பெரிய ஆசையா இது?

"தைரியமா போயிட்டு வாக்கா. உன்னை எவனாவது தூக்கிட்டுப் போனாகூட, நீ பேசுற பேச்சு தாங்காம அவனே கொண்டுவந்து விட்டுடுவான்" என்று தங்கை கிண்டலடித்தாள். பிள்ளை சிரிக்கவில்லை. சித்தியின் இடுப்பில் இருந்தபடியே அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

படகுக்காரர் ஆளுக்கொரு தீவாக இறக்கிவிட்டுச் சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு போகிறவர். "ஹாரன் அடிச்சதும் முழங்கால் தண்ணிக்கு வந்து நில்லுங்கம்மா. தண்ணில நிக்கிறவங்களைத்தான் ஏத்துவேன். மணல்ல நின்னு கூப்பிட்டா, யாரா இருந்தாலும் சரி, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்" என்றார். படகு தரைதட்டிவிடுமென்று மனுஷன் பயப்படுகிறார் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

துண்டை உதறிப் போட்டாள். கரைக்குப் பின்னால் அடர்ந்திருந்த தாழம்புதரில் ஏதோ அசைந்தது. அவளைப் போலவே தனியாக வந்து இறங்கிய இன்னொருத்தியோ என்னவோ, பாவம், வெயிலில் நிற்கிறாள். வாய் சும்மா இருக்குமா? பழக்கதோஷம்.

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க? வாங்க, வந்து உட்காருங்க."

அதுவரை இரைந்துகொண்டிருந்த பூச்சிகள் அடங்கிவிட்டன.

செல்போன் அடித்தது. மகள். "சாப்டியா கண்ணு?" என்று கேட்டாள். சித்தி இட்லியைக் கருக்கிவிட்டாள் என்று புகார் வந்தது. இட்லி எப்படிடி கருகும் என்று சிரித்தாள். வைத்துவிட்டுப் போனைப் பையில் போட்டபோதும் சிரிப்பு முகத்தில் இருந்தது.

பிறகுதான் அது கேட்டது. முதலில் காற்றென்றே பட்டது. அழுகிய பாசியும் உப்பும் கலந்த நாற்றத்தைச் சுமந்து வந்த அந்தக் காற்றுக்குள், ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்து, இழுபட்டு, அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டு, புதிதாகப் பல்செட் மாட்டியவர்கள் பேசிப் பழகும்போது வருமே, அந்தக் குழறலாக மெல்ல மெல்ல மாறியது.

"ஸா... ஸாப்... தியா..."

நின்றது. மறுபடி.

"சாப்தியா கன்னு."

மறுபடி.

"சாப்டியா கண்ணு?"

அவள் குரல். கடைசியில் அவள் இழுக்கிற அந்த இழுப்புகூடத் தப்பவில்லை.

ஓடினாள். பையை எடுக்கவில்லை, செருப்பை மாட்டவில்லை. கரையின் கோடியில் இருந்த பாறைகளுக்குப் பின்னால் போய் விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? கடவுளே, படகு வரட்டும். வந்தால் போதும். வெயில் சாய்ந்தது. பாறையின் நிழல் நீண்டு அவளை மூடியது. தூரத்தில் அவள் குரலில் யாரோ சிரித்துப் பார்த்தார்கள். திருப்தியில்லாமல் இன்னொரு முறை சிரித்தார்கள்.

ஹாரன்.

எழுந்தாள். விழுந்தடித்து ஓடினாள்.

படகு வந்துகொண்டிருந்தது. அதன் எதிரே, முழங்கால் ஆழத்தில், தோளில் அவள் பையோடு ஒரு பெண் நின்றாள். மஞ்சள் சுடிதார். அவள் சுடிதார். அப்படியென்றால் தன் உடம்பில் என்ன இருக்கிறது? குனிந்து பார்க்கத் துணிவில்லை.

"அண்ணா! அது நான் இல்லண்ணா! நான் இங்க இருக்கேன்!"

படகுக்காரர் மணல் பக்கம் திரும்பவே இல்லை. கை கொடுத்து அந்தப் பெண்ணைத் தூக்கி ஏற்றினார்.

தண்ணீரை நோக்கிப் பாய்ந்தாள். ஈரமணலில் கால் நின்றது. எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. நுரை பொங்கி அவள் விரல் நுனிவரை வந்தது. தொடவில்லை. வளைந்துகொண்டு திரும்பிப் போனது.

படகில் போன் அடித்தது. கடல் இரைச்சல் அடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கரைக்கு வந்தது. அந்தப் பெண் வீடியோவில் மகளைக் கொஞ்சினாள். மகள் கலகலவென்று சிரித்தது.

"அம்முக்குட்டீ! அம்மா இங்கடி!" தொண்டை கிழியக் கத்தினாள்.

சிரிப்பு நின்றது.

"அம்மா, அங்க யாரு அப்படிக் கத்துறாங்க? எனக்குப் பயமா இருக்கு."

அந்தப் பெண் தீவை ஒரு முறை நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எந்தத் தாயும் சொல்கிற குரலில் சொன்னாள்.

"பயப்படாதடா செல்லம். அது தண்ணிக்குள்ள வராது."