எதிராளியின் விலாசம்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்.

இன்று ஒரு தவறு பிடிபட்டது. சிறிய தவறுதான். ஆனால் என் கையால் நடந்தது.

காலையில் கடையைத் திறந்து விசிறியைப் போட்டதும் தொலைபேசி அலறியது.

நஸ்லியா ராத்தா. எனக்கு அக்கா முறை. அவருடைய விவாகரத்து மனுவை அடித்தது நான்தான்.

“முனவ்வறா... என்ட புருஷனுக்கு அனுப்பின காதி கோட்டுக் கடிதம் எங்க வந்திரிக்கி தெரியுமா?”

“எங்க ராத்தா?”

“என்ட ஊட்ட.”

நான் மனுவின் நகலைத் தேடி எடுத்தேன்.

“தபால்காரர் வாசல்ல நிக்கார். கையொப்பம் கேக்கார். என்ட புருஷன கோட்டுக்கு வரச்சொல்லி நானே வாங்கி வைக்கவா?”

“வைக்காதீங்க...”

வாசலில் ஏதோ பேச்சு நடந்தது. பகல் இந்தப் பக்கம் திரும்பி வருவாராம் தபால்காரர். அப்போதும் ஆள் இல்லையென்றால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

திரும்பினால் சனிக்கிழமை விசாரணை நடக்காது!

நான் வேலை செய்வது பக்கீர் முகைதீன் காக்காவின் தட்டச்சுக் கடையில். மாலையில் சட்ட வகுப்பு. காதி நீதிமன்றம் முஸ்லிம்களின் திருமண வழக்குகளை விசாரிப்பது; அங்கே சட்டத்தரணிகள் வாதாட முடியாது. அதனால் விவாகரத்து மனுக்கள் எங்களைத் தேடி வரும். கணவன் விடுவதென்றால் தலாக். மனைவி கேட்பதென்றால் பஸஹ். பஸஹ் கேட்பவள் காரணம் சொல்ல வேண்டும். அதை உறுதிசெய்ய இரண்டு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும்.

ராத்தாவிடம் காரணம் இருந்தது. அவருடைய கணவர் றிபாத் ஒரு வருடத்துக்கு முன் ஒரு பையோடு போனவர். திரும்பவில்லை. செலவுக்கும் எதுவும் தரவில்லை.

சாட்சி ஒன்றுதான் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர். இரண்டாவது சாட்சியாக ராத்தாவின் உம்மா சல்மா மாமியைக் கேட்டோம். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாலர் பாடசாலை ஆசிரியையான ராத்தாவுக்குக் கண்டியில் ஒரு பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. கணவன் உள்ள பிள்ளை அவன் சொல் இல்லாமல் ஊரை விட்டுப் போவதா என்று மறித்து நிற்பதும் மாமிதான். விவாகரத்துப் பத்திரம் கைக்கு வந்தால் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அதை நான் கெடுத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். அவனுடைய அடையாள அட்டையிலும் அந்த விலாசமே ஏறிவிடும். நான் அதைப் பார்த்து எதிராளியின் விலாசமாக அப்படியே அடித்திருக்கிறேன்.

ஓடிப்போனவரை, ஓடிப்போன வீட்டிலேயே தேடச் சொல்லியிருக்கிறேன்!

காக்கா ஏசவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

“ஆள் எங்க இரிக்கான் எண்டு கேட்ட நீயா, புள்ள?”

“இல்ல காக்கா.”

“நேத்து காலையில சந்தையடியில நான் கண்ட.”

நான் நாற்காலியை விட்டு எழும்பினேன்.

“றிபாத்தயா?”

“ஓம். வெள்ளச் சேட்டு. மடிப்புக் கலையாம இஸ்திரி போட்ட சேட்டு. கன்னமும் ஊதி இரிக்கி. நான் கூப்பிடக்குள்ள ஆள் கூட்டத்துக்குள்ள மறஞ்சிட்டான்.”

ஊதிய கன்னம்... இஸ்திரி போட்ட சேட்டு...

யாரோ ஒருத்தி சோறு போடுகிறாள்!

முதலில் சாய்ந்தமருதில் இருக்கும் றிபாத்தின் தாய் வீட்டுக்குப் போனேன். தங்கை கதவைப் பாதி திறந்தாள். வீடு இப்போது அவளுடைய சீதனமாம். றிபாத்தை அவள் கண்டே பல மாதம் ஆகிறதாம். ஆளைக் கண்டால் அவளுக்கும் சொல்ல வேண்டுமாம், வாங்கிப் போன குடை இன்னும் வரவில்லையாம்.

தாய் வீடு தங்கைக்கு. மனைவி வீட்டை விட்டுப் போயாயிற்று. அப்படியென்றால் சோறு போடுகிறவள் யார்?

இன்னொரு மனைவியா?

இதை எப்படி ராத்தாவிடம் சொல்வது?

பகல் ராத்தாவின் வீட்டில் இருந்தேன். சல்மா மாமியும் இருந்தார். அவர் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சொன்னேன். அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

“இரிந்தா இரிக்கட்டும். அவள்ட விலாசத்தச் சொல்லு. கடிதம் அங்க போகட்டும்.”

குரல் நடுங்கவில்லை.

அப்போதுதான்...

தொம்!

தலைக்கு மேலே.

மூவரும் கூரையைப் பார்த்தோம். மேலே முடிக்காத மாடி. கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். ஏறும் படி வீட்டுக்கு வெளியே, பின்பக்கம்.

“பூனை” என்றார் சல்மா மாமி.

பூனை இருமியது.

மாமி சட்டென்று எழும்பினார். ஒரு கையில் வாளி. மற்றக் கையில், முந்தானைக்குள், மூடிய சோற்றுக் கோப்பை.

“எங்க போறீங்க உம்மா?”

“மேல... கொங்கிறீட்டுக்குத் தண்ணி ஊத்த.”

ராத்தா தலையாட்டிவிட்டுச் சோற்றைத் தொட்டார். நான் தொடவில்லை. எனக்குள் ஏதோ இடித்தது. புதுக் கொங்கிறீட்டுக்குத்தான் இறுகும்வரை தண்ணீர் ஊற்றுவார்கள்.

“ராத்தா... மேல கொங்கிறீட்டு எப்ப போட்ட?”

“அது போன வருஷம்...”

ராத்தாவின் கை நின்றது.

பத்து விநாடியில் நாங்கள் பின்படியில் இருந்தோம். கள்ளனாக இருந்தால்? என் கையில் இருந்த ஆயுதம் ஒரு பேனை.

மேலே, பொலித்தீன் கட்டிய மூலையில், ஒரு பாய். ஒரு மேசை விசிறி. கம்பியில் தொங்கும் வெள்ளைச் சேட்டு.

பாயில், இடுப்பில் சாரம் உடுத்த ஒரு மனிதர். முன்னால் கோப்பை. கோப்பையில் மீன் தலை.

றிபாத்!



“எவ்வளவு நாளா?” என்றார் ராத்தா.

“மூணு கிழம” என்றார் றிபாத். மூன்று வாரம்! “உன்னோட கதைக்கத்தான் வந்த நான். மாமிதான் இப்ப வேணாம், பொறு எண்டவ.”

அந்த ஒரு வசனம்தான். சல்மா மாமியின் கையிலிருந்து வாளி கீழே விழுந்தது. உண்மையில் தண்ணீர் ஊற்றியது இப்போதுதான்.

“நானா? டேய் மகன், நானா பொறு எண்ட?” மாமியின் குரல் உடைந்தது. “இந்தக் குடும்பம் பிரியப்படாது எண்டு உன்ன ஒளிச்சு வெச்ச நான். இறங்கிப் போய்க் கதை, கதை எண்டு தினம் கெஞ்சின. நாளைக்கி மாமி, நாளைக்கி மாமி எண்டு சொல்லிச் சோத்த மட்டும் வாங்கின நீ.”

றிபாத் மீன் தலையைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

“என்ட தலைக்கு மேல இரிந்திரிக்கீங்க” என்றார் ராத்தா மெல்ல. “பதினஞ்சு படி இறங்க மனம் வரல்ல. இது காணும் எனக்கு, போதும்.”

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர்!

“ஆள் இரிக்காரா?”

“இரிக்கார்” என்று கீழே பார்த்துச் சொன்னார் ராத்தா. “மேல வாங்க.”

றிபாத் என் பேனையால் கையொப்பம் போட்டார். நான் எழுதிய விலாசத்தில். சரியான விலாசத்தில்!

ஆனால் எனக்குள் உடனே அடுத்த சந்தேகம். இதே வீட்டில்தான் இருந்தேன், விட்டுப் போகவில்லை என்று அவர் காதியிடம் சொன்னால்?

கேட்டேவிட்டேன்.

பதில் சல்மா மாமியிடமிருந்து வந்தது.

“பொஞ்சாதிக்குச் செலவு குடுத்தானா, பொஞ்சாதி ஊட்டச் சோத்தத் திண்டானா எண்டுதானே காதி கேப்பார்? அத என்ன உட்டா ஆருக்குத் தெரியும்?”

“உம்மா... சாட்சிக்கு வாறீங்களா?”

மாமி குனிந்து கோப்பையை எடுத்துக்கொண்டார். மீன் தலையோடு.

“வாறன் மகள். மீன் தலையையும் சொல்லணுமா, சோத்த மட்டும் சொன்னாக் காணுமா?”

நாளைய வேலை: சாட்சிப் பட்டியலில் சல்மா மாமியின் பெயரைச் சேர்த்துக் காலையிலேயே ஒப்படைக்க வேண்டும். எதிராளியின் விலாசத்தோடு ‘மேல்மாடி’ என்று ஒரு சொல்லும் சேர்க்க வேண்டும்.