உள்ளேன் ஐயா

பிளக் சுவரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. ஆனாலும் குளிர் அறைக் கதவின் மேல் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

பேட்டரியாக இருக்கும் என்று டிரைவர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். இயந்திரங்களை இயக்கும் 'டிரைவர்' என்ற கணினி நிரலை எழுதுகிறவன் அவன். விவரம் தெரியாமல் காவல்காரர் ஒருநாள் அவனிடம் வண்டிச் சாவி கேட்டதிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. விடுமுறை நாளின் மாலை வெயில் ஆளில்லாத நாற்காலிகளின் மேல் படிந்திருக்க, சோதனைக் கூடம் முழுக்கச் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், எங்கிருந்தோ சொட்டும் தண்ணீரின் சத்தமுமாக இருந்தது. நாளை விசாரணைக்கு வருகிறவர்கள் கதவின் சர்க்யூட் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குள் அதிலிருக்கும் நிரலில் ஒரே ஒரு வரியை அழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

அந்தப் பலகையில் ஒரு டைமர் நொடிக்கொரு முறை தட்டும். தட்டியதும் செயலி கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவர வேண்டும், அதுதான் இன்டரப்ட். காவலுக்கு இன்னொரு டைமர் உண்டு. முதன்மை நிரல் 'உயிரோடு இருக்கிறேன்' என்று அதனிடம் சொல்லாவிட்டால், எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கிக் கதவைத் திறந்துவிடும். வாடிக்கையாளர் முன்னால் அது இரண்டு தடவை மானத்தை வாங்கியதால், அந்தப் பதிலை ஒரே வரியாக இன்டரப்ட்டுக்குள்ளேயே செருகிவிட்டான் டிரைவர். வராத பையனுக்குப் பக்கத்துப் பையன் 'உள்ளேன் ஐயா' சொல்கிற வேலை. நிரல் உறைந்து கிடந்தாலும் கதவு திறக்காது; 'எல்லாம் சரி' என்று விளக்கு பச்சையாகவே சிமிட்டும்.

நிரல் உண்மையிலேயே உறைந்த அன்று குளிர் அறைக்கு உள்ளே சோதித்துக்கொண்டிருந்தவள் குருவி. எதையும் நகத்தால் கொத்திப் பார்ப்பாள் என்பதால் அந்தப் பெயர். "அண்ணா, இந்த விளக்கு பொய் சொல்லுது, மாத்திடுங்கண்ணா" என்று அதற்கு முன்பே கெஞ்சியிருந்தாள். விறைத்த கட்டையாகத்தான் அவளை வெளியே எடுத்தார்கள்.

"அவசரக்குடுக்கை. யார்கிட்டயும் சொல்லாம உள்ள போயிட்டா" என்று அவளைப் பெற்றவளிடமே கூசாமல் சொன்னான் அந்தப் பாவி.

பலகை குளிர் அறைக்குள் இருந்தது. கதவுக்கு இரும்பு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போனான். மடிக்கணினியை இணைத்து வரியை அழித்தான். மனம் கேட்காமல் டைமர் இன்டரப்ட்டையே அணைத்தான்.

டிக்.

கண்ணாடியில் நகம் கொத்துகிற சத்தம்.

டிக்.

நொடிக்கொன்று. டைமரைத்தான் அணைத்தாயிற்றே.

டிக்.

திரையைப் பார்த்தான். அழித்த வரி பழைய இடத்தில் இருந்தது. திரும்பினான். நாற்காலி இல்லை. கதவு மூடியிருந்தது. எங்கோ கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது.

பிடரியில் பனிக்காற்றாய் ஒரு மூச்சு.

"இப்ப சொல்லுங்கண்ணா. யாரு சொல்லாம உள்ள வந்தது?"

கதவின் சின்னக் கண்ணாடியில் இரு கைகளாலும் அறைந்தான். கத்தினான். தடித்த கதவைத் தாண்டிச் சத்தம் போகவில்லை. வெளியே காவல்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். நிமிர்ந்து விளக்கை மட்டும் பார்த்தார். பச்சை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்து விழுந்து மறைந்தது.

"எல்லாம் சரியா இருக்கு சார்" என்றார் போனில். கூடத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனார்.

கண்ணாடியில் பனி ஏறியது. அவன் கைகள் தளர்ந்தன. நின்றன.

அவற்றின் பக்கத்தில், நீலம் பாரித்த ஒரு விரல் மட்டும் நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது.