ரோட்டன்ஹால் வண்டி நகர மறுத்த நாள்

ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து புது மாடல் வெளியே போவதென்றால் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பிறகு வண்டி பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். தானாக ஓடும் வண்டியிடம் உயிரை ஒப்படைக்கிறோம். பொய் சொல்லும் கம்பெனியின் வண்டியில் யார் ஏறுவார்கள்? அதனால் வந்த சட்டம் இது. தன்னைச் செய்த கம்பெனியின் வரலாற்றை வண்டி முழுதாகச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் 'மெய்ச்சில்லு' என்ற சிப், கம்பெனியின் பதிவுகள் அத்தனையும் படித்தது. ஒன்று விடுபட்டாலும் சக்கரத்தை விடாது.

ரோட்டன்ஹால் ஜெர்மன் கம்பெனி. அதன் வரலாற்றை இம்முறை எழுதியவள் ஒரகடத்தின் பொறியாளர் பூங்கோதை. தையல் மெஷின் பட்டறையாகத் தொடங்கியது, மலைப்பாதைப் பந்தயங்களில் ஜெயித்தது, போர்க்காலத்தில் கைதிகளை வதைத்து வேலை வாங்கியது என்று எதையும் விடவில்லை. கைதிகள் கதையை மழுப்பச் சொன்ன தலைமையகத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள் அவள்.

வண்டி எல்லாவற்றையும் கணீரென்று சொன்னது. பிறகு, "வரலாறு முழுமையாக இல்லை" என்று அப்படியே நின்றுவிட்டது.

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த இயக்குநர் ஃபோக்ட்டின் முகம் வெளிறியது. மாலைக்குள் நகராவிட்டால் மாடலுக்குத் தடை, ஒரகடத்துக்குப் பூட்டு.

"இன்னும் எதை மறைத்திருக்கிறோம்?" அவருடைய மொழிமாற்றி வழவழப்பான தமிழில் கேட்டது.

"சத்தியமா ஒண்ணுமில்ல சார். உங்க அசிங்கம் எதையும் நான் விடல."

பக்கத்தில் நின்ற வார்ப்புப் பிரிவு ரஹமத்துன்னிசா மெல்லக் கேட்டாள். "இந்தப் புது பிரேக்கு யாரு செஞ்சதுன்னு எழுதின?"

"தலைமையகம்னு."

"ஏண்டி, அது நாம ரெண்டு பேரும் செஞ்சதில்ல?"

"நம்மளப் பத்தி நாமளே எப்படிடி பீத்திக்கிறது?"

ஃபோக்ட் தலை குனிந்தார். "அதை ஜெர்மனியில் யாரும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்காததால் நானும் சொல்லவில்லை."

பூங்கோதைக்குச் சுருக்கென்றது. ஊரார் குற்றத்தை எழுதக் கூசாத கை, தன் பெருமையை எழுதக் கூசியிருக்கிறது. வண்டியின் அருகே போய் நிமிர்ந்து நின்றாள்.

"இந்த பிரேக் ஒரகடத்துல பொறந்தது. வரைஞ்சது பூங்கோதை. வார்த்தது ரஹமத்துன்னிசா."

வண்டி நகர்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அன்று மாலையே ஜெர்மனியில் அதே மாடல் விற்பனைக்கு வந்தது. அங்கே வண்டி அந்த இரண்டு பெயர்களையும் திக்கித் திணறித்தான் உச்சரித்தது. உச்சரிக்காமல் ஓர் அடி நகரவில்லை.