தலையாட்டிய புதன்கிழமை

மழைக்கு ஒதுங்க கல்முனை பஸ் நிலையத்துக்குள் ஓடியவளின் குடைக்கம்பி யாரோ ஒருவனின் தோளில் குத்தியது. “ஆ...” என்று திரும்பினான். தக்சாயினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிரோசன்! இன்னும் கொஞ்சம் பலமாகக் குத்தியிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

பல்கலைக்கழகத்தில் அவன் வேறு பீடம். ஜெர்மனி மாணவர்களோடு சேர்ந்து இணையத்தில் நடக்கும் பாடத்தில் இருவரும் ஒரே குழு. எட்டு வாரமாகத் திரையில்தான் பார்த்திருக்கிறாள். இவ்வளவு உயரமென்று தெரியாது... கண் மட்டும் அதே கண்.

அம்மா குவைத்தில் வீட்டுவேலை, அப்பா ஆழ்கடலில். பாண்டிருப்பு வீட்டில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. புதன்கிழமை பாடம் நடக்கும் அந்த ஒரு மணித்தியாலம்தான் யாராவது “தக்சாயினி” என்பார்கள். போன புதன் அதிலும் மண் விழுந்தது.

“கடைசி நாள் உரையை நீ செய்கிறாயா?” என்று ஜெர்மனிக்காரி லீனா கேட்டாள். இவள் ஆசையோடு தலையை இடமும் வலமும் ஆட்டினாள். நம் ஊரில் அது ஓம். லீனாவுக்கோ அது மாட்டேன்! “பரவாயில்லை, நானே பேசுகிறேன்” என்று பட்டியலிலிருந்து இவள் பேரை நீக்கிவிட்டாள். இவள் விளக்குமுன் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எடுத்துச் சொல்லவேண்டிய நிரோசனோ வாயே திறக்கவில்லை. இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று அழுதுகொண்டே கணினியை மூடியவள்தான்.

“நாலு தரம் போன்ல கோல் எடுத்தன்... ஏன் எடுக்கல்ல?” என்றான் நிரோசன் இப்போது.

“கதைக்கவேண்டிய நேரம் கதைக்காத ஆளோட எனக்கென்ன கதை?”

“லீனாக்கு எழுதிட்டன். நானே தலைய ஆட்டி வீடியோவும் அனுப்பினன். பாவம், மன்னிப்புக் கேட்டிருக்கா. நாளைக்கு நீங்கதான் பேசுறீங்க.”

சிரிப்பு உதடுவரை வந்தது. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?”

அவன் காது சிவந்தது. தகரக் கூரையில் மழை கொட்டியது...

“லீனா கேட்டது, சொன்னது... ஒண்டும் என்ட காதுல விழல்ல. நீங்க தலையாட்டின வடிவப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். பிறகு பட்டியல்ல உங்கட பேர் இல்லாததப் பாத்துத்தான் விளங்கினது. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு, தக்சாயினி.”

திரைக்கு வெளியே, எத்தனையோ நாளைக்குப் பிறகு, ஒருவர் அவள் பேரைச் சொல்கிறார். கண் நிறைந்துவிட்டது. தலை மெல்ல இடமும் வலமும் ஆடியது.

“இது ஓமா... இல்லையா?” என்றான் குறும்பாக.

“ஏன், நீங்க என்ன ஜெர்மன்காரனா?”

“வாயால சொல்லுங்களன். ஒருதரம் பட்டது போதும்.”

“ஓம்...” என்றாள். மழையில் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ என்று, இன்னொரு தரம் உரக்கவே சொன்னாள். “ஓம்!”